கம்பெனி ஷோரூமா? கடைத்தெரு கண்ணாடிக் கடையா?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை (மானாம்பதி)



பேரவை மலர் என்றால் நட்பு, காதல், நாடு, மொழி என்றுதான் பெரும்பாலும் எழுதுவோம். நான் எழுத வந்திருப்பது மூக்கின் மேல் உட்காரும் ஒரு சின்னப் பொருளைப் பற்றி. ஆமாம், மூக்குக் கண்ணாடி! "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நம் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். போர்டைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பவர் எத்தனை பேர்? பக்கத்து நண்பனின் நோட்டைப் பார்த்தே எழுதி மூன்று வருடத்தை ஓட்டுபவர் எத்தனை பேர்? டிராயிங் ஹாலில் ஒரு மணி நேரம் குனிந்துவிட்டு, "தலை வலிக்குதுடா" என்று டீக்கடைக்கு நழுவுபவர் எத்தனை பேர்?

ஒருவனுக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு இயற்பியலில் படித்த கணக்குதான். பவர் என்பது மீட்டரில் சொன்ன குவியத் தூரத்தின் தலைகீழ். ஆகவே அரை மீட்டருக்கு, அதாவது 50 செ.மீ.க்கு அப்பால் இருப்பதெல்லாம் அவனுக்கு மங்கல். போர்டு இருப்பதோ ஐந்து மீட்டர் தள்ளி! அவன் என்ன செய்வான்? சும்மா உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நாம் வைக்கும் பெயர் "மக்கு". அரியர் மேல் அரியர் விழும். கடைசியில் "படிப்பு ஏறலை" என்று ஏதாவது கம்பெனியில் ஹெல்ப்பராகப் போய்விடுவான். ஏறாதது படிப்பா, எழுத்தா என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்தவரை இதைக் கவனிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. மாணவர்களின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி கொடுக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2009-இல் தொடங்கியது. பாலிடெக்னிக் வந்த பிறகு நம் கண்ணுக்கு நாமே பொறுப்பு. அதுவும் என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கு, "கண்ணாடி எங்கே வாங்கறது?" என்று கேட்டால் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அண்ணன், அக்கா யாரும் இந்த வழியில் போனதில்லை. ஆகவே விளம்பரம் சொல்வதுதான் வேதவாக்கு!

கம்பெனி ஷோரூமுக்குப் போவதா? அல்லது உத்திரமேரூர், காஞ்சிபுரம் கடைத்தெருவில் அப்பா காலத்திலிருந்து இருக்கும் 'ஆப்டிகல்ஸ்' கடைக்குப் போவதா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பெரிய கடை நேற்று வந்ததா?

பலர் நினைப்பது போலப் பெரிய கம்பெனி கண்ணாடி விற்பது நேற்று தொடங்கியதல்ல. லாரன்ஸ் அண்ட் மேயோ 1877-லிருந்து நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அது துரைமாருக்கும் வக்கீல்களுக்கும் உரிய கடை. நம் போன்றவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி கிளைகள் பெருகியது இந்த நூற்றாண்டில்தான்.

தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் டாட்டாவும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் உருவாக்கியது டைட்டன். ஓசூரில் கைக்கடிகாரம் செய்த அந்தக் கம்பெனி 2007-இல் 'டைட்டன் ஐ பிளஸ்' என்று கண்ணாடிக் கடைகளைத் திறந்தது. லென்ஸ்கார்ட் 2010-இல் இணையத்தில் விற்பனை தொடங்கி, பிறகு ஊர் ஊராகக் கடை வைத்தது. ராஜஸ்தானில் பிவாடி என்ற இடத்தில் அதற்குப் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. இந்தியாவில் மட்டும் அதற்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்.

இந்தப் பக்கம் நம் கடைத்தெரு கடைக்காரர். ஒரு ஷட்டர், ஒரு கண்ணாடி அலமாரி, சுவரில் எழுத்துப் பலகை, உள்ளே லென்ஸ் அரைக்கும் ஒரு சின்ன மெஷின். கடை முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. யானைக்கும் பூனைக்கும் போட்டி என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அப்படித்தானா என்று கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

மாஸ் புரொடக்‌ஷனும் ஜாப் ஒர்க்கும்

நாம் இயந்திரவியல் படிப்பவர்கள். ஆகவே நம் பாஷையிலேயே பேசுவோம். ஒரு கண்ணாடியில் இரண்டு வேலை அடங்கியிருக்கிறது. ஒன்று, லென்சைச் செய்வது. இது மாஸ் புரொடக்‌ஷன். இன்னொன்று, கண்ணைச் சோதித்து, முகத்தை அளந்து, லென்சை ஃப்ரேமில் சரியான இடத்தில் உட்கார வைத்து, காதிலும் மூக்கிலும் பொருந்தும்படி வளைத்துக் கொடுப்பது. இது முழுக்க முழுக்க ஜாப் ஒர்க். ஒரு ஆளுக்குச் செய்தது இன்னொரு ஆளுக்கு ஆகாது.

மாஸ் புரொடக்‌ஷனில் சின்னக் கடை தோற்றுவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. அந்தப் போட்டியே நடக்கவில்லை! கடைத்தெரு கடைக்காரர் லென்சைத் தானே வார்ப்பதில்லை. அவரும் லென்ஸ் கம்பெனியிடம் ஆர்டர் போட்டுத்தான் வாங்குகிறார். 1959-இல் 'வாரிலக்ஸ்' என்ற புரோகிரசிவ் லென்சைக் கொண்டு வந்த பிரான்சின் எசிலார், 2018-இல் ரேபான் ஃப்ரேம் செய்யும் இத்தாலியின் லக்சாட்டிகாவோடு ஒன்றாகிவிட்டது. உலகத்திலேயே பெரிய கண்ணாடிக் கம்பெனி அது. அந்தக் கம்பெனி லென்சைக்கூடத் தனிக்கடைகளில் கேட்டு வாங்கலாம். ஆகவே "பெரிய கடையில்தான் நல்ல லென்ஸ்" என்பது சரியல்ல. நீங்கள் எந்த லென்சைக் கேட்டு, எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

வித்தியாசம் வருவது ஜாப் ஒர்க்கில். அது எவ்வளவு நுணுக்கம் என்று இரண்டு கணக்கில் காட்டுகிறேன்.

முதல் கணக்கு: இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். கடையில் 'பி.டி.' என்பார்கள். லென்சின் மையம் கண்மணிக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால் லென்ஸ் பிரிசம் போல ஒளியைச் சாய்க்கும். எவ்வளவு சாய்க்கும்? மையம் தள்ளிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். பிரெண்டிஸ் விதி என்று பெயர். பவர் 4 உள்ள கண்ணாடியில் மையங்களின் இடைவெளி மொத்தம் 5 மி.மீ. தவறினால் 0.5 × 4 = 2 பிரிசம். அந்தச் சாய்மானத்தை ஈடுகட்ட இரண்டு கண்ணும் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். தலைவலி வராமல் என்ன செய்யும்?

இரண்டாவது கணக்கு: சிலருக்கு 'சிலிண்டர்' பவர் இருக்கும். ஒரு திசையில் போகும் கோடு தெளிவாகவும் இன்னொரு திசைக் கோடு மங்கலாகவும் தெரியும். டிராயிங்கில் படுகிற அவஸ்தைக்கு இதுவும் ஒரு காரணம். இந்த லென்சை எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்று சீட்டில் 'ஆக்சிஸ்' எழுதியிருக்கும். அது 10 டிகிரி திரும்பிவிட்டால் சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் திருத்தப்படாமல் நிற்கும். 30 டிகிரி திரும்பினால் அந்தச் சிலிண்டர் பவர் அளவுக்கே பிழை நிற்கும். கண்ணாடி போட்டும் போடாத கணக்குதான்!

வெர்னியரில் 0.02 மி.மீ. வரை அளந்து பழகும் நாம், நம் கண்ணுக்கு நேரே 5 மி.மீ. பிழையைச் சுமந்து திரியலாமா?

ஷோரூமின் பலம்

நியாயமாகப் பேச வேண்டும். ஷோரூமுக்குச் சில பலங்கள் உண்டு. ஃப்ரேமின் மேல் விலை ஒட்டியிருக்கும். பேரம் பேசத் தெரியாத ஆளுக்கு அது பெரிய ஆறுதல். லென்சைப் பெரிய தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் மெஷினில் அரைப்பதால் ஒவ்வொன்றும் ஒரே சீராக வரும். பில், வாரண்டி எல்லாம் கேட்காமலே கொடுப்பார்கள். படிப்பு முடித்து நாளைக்கு ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போனாலும் அதே கம்பெனியின் கிளை அங்கேயும் இருக்கும். பவர் அதிகம் உள்ளவர்களுக்கு வேண்டிய மெல்லிய லென்ஸ், புரோகிரசிவ் லென்ஸ் இவற்றுக்கு அவர்களிடம் நல்ல அளவுக் கருவிகள் இருப்பதும் உண்டு.

பலவீனம்? அங்கே சோதிப்பவர் ஒருவர், ஃப்ரேம் காட்டுபவர் ஒருவர், லென்சை அரைப்பது எங்கோ ஒரு மாநிலம், டெலிவரி கொடுப்பவர் வேறொருவர். எல்லாம் சரியாக இருந்தால் நன்று. தவறு வந்தால்? என் சித்தி ஒருத்தி ஒரு பெரிய கடையில் கண்ணாடி வாங்கினாள். போட்டால் தரை மேலே எழும்பி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். மூன்று முறை போனாள். மூன்று முறையும் வேறு வேறு ஆள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. "போடப் போடப் பழகிடும்மா" என்பதுதான் பதில். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பஸ் செலவு மிச்சம். ஆனால் மூன்று நாள் கூலி போனது போனதுதானே? அந்தக் கண்ணாடி இப்போது பீரோவில் தூங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். என் அம்மா சொல்வாள்: "அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கினு உள்ள போவவே பயமா கீதுடா." ஏசி குளிரும், ஆங்கிலத்தில் பேசும் விற்பனையாளரும் நம் வீட்டுப் பெரியவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. கண் தெரியாதவர் கடைக்குள் நுழையாவிட்டால் கடை எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

தனிக்கடையின் பலம்

எங்கள் பக்கம் நெசவாளர்கள் உண்டு. என் பெரியப்பா ஒரு தறிக்காரர். நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. ஊரில் 'சாளேசுரம்' என்பார்கள். பெரியப்பா கடைக்குப் போனபோது அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா வேலை செய்யறீங்க? தறியில உக்காந்தா இழை எம்மாந் தூரத்துல இருக்கும்?" என்பது.

இந்தக் கேள்வியின் அருமை நமக்குத்தான் தெரியும். பேப்பர் படிக்கும் தூரம் 40 செ.மீ. என்றால் கண்ணுக்கு வேண்டிய பவர்க் கணக்கு 2.5. தறியில் இழை 60 செ.மீ. தள்ளி இருந்தால் கணக்கு சுமார் 1.67 ஆகிவிடும். பேப்பருக்குப் போட்ட கண்ணாடியில் ஜரிகை மங்கும்! வேலையைத் தெரிந்து கண்ணாடி போடுபவன்தான் உண்மையான கண்ணாடிக்காரன். ஊரோடு வாழ்கிற தனிக்கடைக்காரருக்கு இது கைவந்த கலை.

பிறகு பராமரிப்பு. கண்ணாடி விற்ற அன்றோடு வேலை முடிவதில்லை. ஸ்குரு கழலும், மூக்குப் பட்டை தேயும், பஸ் நெரிசலில் காது வளையும். இதற்கெல்லாம் பத்து நிமிட வேலை. பக்கத்துக் கடையென்றால் போகிற போக்கில் சரிசெய்து கொண்டு வரலாம். பல கடைக்காரர்கள் இதற்குக் காசுகூட வாங்குவதில்லை. தள்ளி இருக்கும் கடையென்றால் வளைந்த கண்ணாடியையே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிவோம். மையம் தள்ளிப்போகும். மேலே சொன்ன பிரிசம் கணக்கு மறுபடியும் வந்து நிற்கும்.

ஆனால் தனிக்கடை என்றாலே தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். அதே பெரியப்பா முன்பு வேறு ஒரு கடையில் கண்ணாடி போட்டபோது பவர் எழுதிய சீட்டைக் கேட்டார். "அது எதுக்குப் பெரியவரே? நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், எப்ப வேணா வாங்க" என்றார்களாம். பில்லும் கிடையாது. இரண்டு வருடம் கழித்துப் போனால் கடையும் இல்லை, நோட்டும் இல்லை! அக்கறையாகப் பேசுகிறார் என்பதற்காகக் கணக்கில்லாமல் வியாபாரம் செய்யும் கடையை நாம் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

சீட்டு யார் கையில்?

நான் சொல்ல வருவது இதுதான். பெரிய கடையா சின்னக் கடையா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: உன் கண்ணைச் சோதித்தது யார், அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறது?

"இலவச கண் பரிசோதனை" என்ற பலகை இரு வகைக் கடையிலும் தொங்குகிறது. தாடையை வைத்து ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வார்கள். மெஷின் ஒரு எண்ணைத் துப்பும். அந்த எண் ஆரம்பம்தான், முடிவல்ல. அதிலும் நம் வயதுக்காரர்களின் கண் தசைக்கு முறுக்கு அதிகம். மெஷினுக்குள் பார்க்கும்போது கண் தானாகக் கிட்டத்துக்குக் குவிந்துவிட்டால், கிட்டப்பார்வை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதற்குப் பிறகு லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று பொறுமையாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்தால், ஏசி கடையானாலும் ஓட்டுக் கடையானாலும் வெளியே வந்துவிடுங்கள்.

மேலும், கண்ணாடிக் கடை என்பது கண் மருத்துவமனை அல்ல. சர்க்கரை வியாதியால் விழித்திரை கெடுவதையும், கண் நீர் அழுத்தத்தையும் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்களைக் கடைக்கு அழைத்துப் போவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நமக்கு அந்த வசதி இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று! காஞ்சிபுரத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த், 1978-இல் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா எல்லாம் நம் தமிழ்நாட்டின் பெருமை. அங்கெல்லாம் பணம் இல்லாதவரையும் கவனிக்கிறார்கள்.

சோதித்து முடித்ததும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வலது கண், இடது கண், சிலிண்டர், ஆக்சிஸ், பி.டி. எல்லாம் அதில் இருக்க வேண்டும். சீட்டு உங்கள் பையில் இருந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் சுதந்திர மனிதர். சீட்டு கடையில் இருந்தால் நீங்கள் அந்தக் கடையின் கொத்தடிமை!

பக்கத்தில் இருக்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று விதி வகுத்தார்கள். அதில் ஒன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்பது. ஆயிரம் வருடத்துக்கு முன் நம் ஊர்க்காரர்கள் பார்த்தது ஆளின் பெருமையை மட்டுமல்ல, அவர் காட்டிய கணக்கையும்தான். கண்ணாடிக் கடைக்கும் அதே விதியை வைப்போம்!

கேட்க வேண்டிய கேள்விகள்

கடைக்குள் நுழைந்ததும் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று: "சோதிக்கிறவர் ஆப்டோமெட்ரி படிச்சவருங்களா?" இது தப்பான கேள்வி இல்லை. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் ஆப்டோமெட்ரியை மருத்துவம் சார்ந்த தொழில்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. டிப்ளமோ படிக்கிற நாம் இன்னொருவர் படிப்பை மதித்துக் கேட்பதில் வெட்கம் என்ன?

இரண்டு: "சீட்டும் பில்லும் தருவீங்களா?" பில்லில் ஃப்ரேம் விலை தனி, லென்ஸ் விலை தனியாக இருக்கட்டும். பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று: "போட்டுப் பார்த்து சரியில்லைன்னா யார்கிட்ட வரணும்?" இதற்கு ஒரு ஆளின் முகத்தைக் காட்டிப் பதில் சொல்கிற கடை நல்ல கடை.

நான்கு: "இந்த லென்ஸ் எந்த மெட்டீரியல்?" சாதாரண பிளாஸ்டிக் லென்சின் ஒளிவிலகல் எண் சுமார் 1.50. பாலிகார்பனேட் 1.59, எளிதில் உடையாது. ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிற்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் பவர் கண்ணாடி போட்டிருக்கிறோம் என்று சேஃப்டி காகிள்ஸைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். சில்லு பக்கவாட்டில் வரும்!

ஐந்து: "புளூ கட் எதுக்கு?" கம்ப்யூட்டர், செல்போன் பார்ப்பவர் எல்லோருக்கும் இதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட முடிவு: கம்ப்யூட்டரால் வரும் கண் களைப்புக்குச் சாதாரண லென்சைவிட இது அதிகப் பலன் தருவதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல சோதனைக்குக் கொடுக்கலாம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் அப்படித்தான். இரண்டின் விலையும் ஒன்றுக்குள் இருக்கும். இரண்டாவது கண்ணாடி உங்களுக்கு உண்மையில் தேவையா என்று மட்டும் யோசியுங்கள்.

தவறு செய்துவிட்டுக் கடை கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் பில் வேண்டும்!

என் ஓட்டு யாருக்கு?

"இரண்டு பக்கமும் பேசிவிட்டு நழுவப் பார்க்கிறான்" என்று நினைக்காதீர்கள். என் ஓட்டைத் திறந்தே போடுகிறேன். மானாம்பதி போன்ற ஊர்களிலிருந்து வருகிற நமக்கு, முதல் வாய்ப்பு பக்கத்துத் தனிக்கடைக்குத்தான். இந்த ஐந்து கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிற தனிக்கடை என்றால், கண்ணை மூடிக்கொண்டு, மன்னிக்கவும், கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம். பதில் இல்லையென்றால் தயங்காமல் ஷோரூமுக்குப் போங்கள். சொந்த ஊர்ப் பாசத்துக்காகக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது.

ஏன் தனிக்கடைக்கு முதல் வாய்ப்பு? அனுதாபத்தால் அல்ல. கண்ணாடி திரும்பத் திரும்பக் கடைக்குப் போக வேண்டிய பொருள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமென்றால் நம் வீட்டார் போகவே மாட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நாமெல்லாம் செல்போனில் ஆர்டர் போட்டு, பைக்கில் டவுனுக்குப் போய் வாங்கிக்கொள்வோம். உத்திரமேரூர் கடை வியாபாரமில்லாமல் மூடிவிட்டால் நஷ்டம் நமக்கல்ல. பஸ் ஏறி அவ்வளவு தூரம் போக முடியாத நம் பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும்தான்.

அவர்கள் கண் தெரியாமல் இருப்பது சின்ன விஷயமா? கிட்டப் பொருள் தெரியாமல், அதற்கான கண்ணாடியும் இல்லாமல் இருப்பவர்கள் உலகத்தில் குறைந்தது 82 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு, போடாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. வங்காளதேசத்தில் 2024-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. நாற்று நடுகிற அம்மாவுக்கு அரிசியில் கல் தெரியும். தறியில் உட்காரும் பெரியப்பாவுக்கு இழை தெரியும். கொத்தனாருக்கு மட்டப் பலகைக் குமிழி தெரியும். நம் செமஸ்டர் ஃபீஸ் அந்த வருமானத்திலிருந்துதானே வருகிறது, தோழர்களே?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவை ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்துகிறது, ரத்ததான முகாம் நடத்துகிறது. நல்லது. வரும் கல்வியாண்டு தொடங்கும் முதல் மாதத்திலேயே, அரசு மருத்துவமனையின் கண் பிரிவைக் கேட்டுக்கொண்டு, ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். முகாமில் கடைக்காரர்களுக்கு ஸ்டால் வேண்டாம், பெரியவரானாலும் சின்னவரானாலும்! சோதனை மட்டும் நடக்கட்டும். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் சீட்டு இருக்கட்டும். எங்கே வாங்குவது என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். அதே நாளில் மாலையில் பெற்றோரையும் அழைத்தால் இன்னும் நல்லது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களின் அப்பா அம்மா, கல்லூரி வாசலுக்கு வருவதற்கு ஃபீஸ் கட்டுவதைத் தவிர வேறு ஒரு காரணமும் கிடைத்த மாதிரி இருக்கும்.

படித்தவருக்குத்தான் கண் உண்டு, படியாதவர் முகத்தில் இருப்பது புண் என்று வள்ளுவர் கடுமையாகச் சொன்னார். படியாத என் அம்மாவுக்கு அந்தக் கண்தான் என்னைப் படிக்க வைத்தது. அந்தக் கண்ணுக்கு ஒரு நல்ல சீட்டும், பொருத்தமான ஒரு கண்ணாடியும் வாங்கித் தர வேண்டியது படித்தவன் வேலை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் ஒரு ஊசியையும் நூலையும் எடுத்து அம்மா கையில் கொடுத்துப் பாருங்கள். கோக்கத் தடுமாறினால், மறுநாள் காலை பஸ்ஸுக்கு இரண்டு பேராகக் கிளம்புங்கள்.